புதன்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பேர்

1

இன்றோடு நான் குடியை விட்டு ஒரு வருஷம். ஊரில் இதை வாசிக்கிறவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: யாரும் மாலை கட்ட வேண்டாம். மாலை விழுந்து விழுந்துதான் என் கழுத்து கெட்டுப்போனது.

விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. வழக்கம்போல ஐந்தரை மணிக்கு எழும்பி, முகம் மழித்து, தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளாசை மேசையில் வைத்தேன். என் மகள் மணிக்குப் பதினான்கு வயது. கிளாசைக் கழுவ எடுத்துப் போனாள். குசினி வாசலில், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, அதை மூக்கடிக்குக் கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்தாள். பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஊரிலிருந்து திரும்பி வந்த நாள் தொட்டு அவள் இதைச் செய்து வருகிறாள் போலும். எனக்கு இன்றுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. நான் இங்கே மலாயாவில், சிரம்பானில், சரக்குக் கந்தோரில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளாக்கர். மூட்டை சரியாக இருக்கிறது என்று கடிதம் சொன்னாலும் ஒரு தரம் அவிழ்த்துப் பாராமல் கையெழுத்து வைக்க மாட்டேன். தகப்பனின் தொழில் பிள்ளைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றப்படி அவளுக்கு என்னிடமிருந்து வந்தது குறைவு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு, கூட்டாளிகளோடு மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்த சொற்களில் பாதி சண்டைக்கு உரியவை. எங்கள் வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த தமிழ் அப்படி. நான் தள்ளாடிக்கொண்டு வரும் நாட்களில் வாசல் படலையில் நின்று தாயைப் பார்த்து, "அப்பா மாபோ" என்று அறிவிப்பாள். வெறியில் இருக்கிறவனை மலாய்க்காரர் அப்படிச் சொல்வார்கள். 'வெறி' என்ற தமிழ்ச் சொல்லைத் தாய் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு சொல்லாவது தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைக்கும்படி வைத்தவன் நான்.

2

ரப்பர் விலை விழுந்ததும் கந்தோரில் ஆட்குறைப்புத் தொடங்கியது. ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு மேசை வெறுமையாகும். பயம் பிடித்த மற்றவர்கள் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். துரையின் பெண்சாதிக்கு மாம்பழம் அனுப்பினார்கள். நான் குடித்தேன். முன்பும் குடித்தவன்தான். முன்பெல்லாம் ஏதாவது ஒரு காரணம் தேடுவேன். இப்போது அந்த வேலையை மிச்சம் பிடித்துக்கொண்டேன். பட்டியலில் என் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து குடித்து, குடித்த காரணத்தால் என் பெயர் பட்டியலில் வரும்படி ஏற்பாடு செய்தேன். கந்தோரில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் பதிவேட்டின் மேல் தலையை வைத்து நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது, முந்தினநாள் வந்த சீமெந்து மூட்டைகளின் தொகை என் கன்னத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தது. எதிரே துரை நின்றார். ஏசவில்லை. என் கன்னத்தை நிதானமாக வாசித்துவிட்டு வைத்தியரிடம் அனுப்பினார்.

விடுமுறைப் படிவத்தில் 'நோயின் தன்மை' என்று ஒரு கட்டம். பெருவிரல் அகலம் இருக்கும். என் ஐந்தாறு வருஷத்தை அதற்குள் எப்படி அடக்குவது என்று தெரியாமல் வைத்தியர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதினார். "ஆறு மாதம் ஊரில் இரு. திரும்பி வந்ததும் நான் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தால்தான் வேலை. உங்கள் பக்கத்தில் மதுவிலக்குச் சங்கங்கள் உண்டாமே. அங்கே போய்ச் சேர். தனியாக இதை விட முடியாது" என்றார்.

என் மனைவி பாக்கியம் படிவம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. கப்பலடியில் நின்று இரண்டு வசனம் சொன்னாள். "இஞ்சாருங்கோ, ஆறு மாதத்தாலை வாற கப்பலிலை நீங்கள் வந்தால் நான் சோறாக்கி வைப்பன். போத்தலும் சேர்ந்து வந்தால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவிலை அண்ணை வீட்டை போயிடுவன்."

அவள் அழுது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அழாமல் சொன்னாள்.

எங்கள் ஊரான மீசாலையில் என் அக்கா வீட்டில் இறங்கினேன். றங்குப்பெட்டியில் சப்பாத்துக்குள் ஒரு பிராந்திப் போத்தல் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு பாதுகாப்புக்கு. மூன்றாம் நாள் அக்கா சொன்னாள்: "தம்பி, உந்தச் சப்பாத்துக்குப் போடுற மருந்து நல்லா மணக்குது. ரெண்டு நாளாய் உன்ரை அத்தான் உன்ரை அறையைச் சுத்திக்கொண்டு திரியிறார்." இதைச் சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போனாள். அக்காவுக்குக் கடிதத்தில் நான் எழுதிய நோய் வயிற்றுவலி.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. போத்தல் முடிந்து, அத்தானும் நானும் தவறணைக் கள்ளுக்கு இறங்கி, ஆறு மாதத்தில் அரை மாதம் கழிந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. சங்கம் எங்கே கூடுகிறது என்று கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் மணி என்ன என்று கேட்டாலும், "ஏன், ஆரும் வருகினமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் போய், பலாப்பழம் விற்ற ஒரு மனுசியிடம் மெல்லத் தொடங்கினேன். "மலாயாவிலை எனக்கொரு சிநேகிதன். பாவம், குடிக்கிறவன். இஞ்சை மதுவிலக்குக் கூட்டம் எங்கை நடக்குதெண்டு கேட்டு எழுதியிருக்கிறான்."

அவள் பழத்தைத் தட்டிப் பார்த்தபடி, "அவர் மலாயாவிலை இருந்துகொண்டு இஞ்சத்தைக் கூட்டத்துக்கு என்னெண்டு வாறது, ஐயா?" என்றாள்.

நான் ஒரு பழத்தைத் தூக்கி நிறை பார்த்தேன்.

"உதிலை சுவரிலை நோட்டீசு ஒட்டிக்கிடக்கு. சனிக்கிழமை பின்னேரமாம். உங்கடை சிநேகிதனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள். பக்கத்துக் கடைக்காரி புடவையால் வாயை மூடிக்கொண்டாள்.

3

சனிக்கிழமை யாருக்கும் என்னை அடையாளம் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். அதற்காகத் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிப் போட்டேன். மேலே மலாயாக் கோட்டு, காலில் சப்பாத்து, கையில் குடை. சித்திரை வெயிலில், சாவகச்சேரி வீதியில், ஒளித்துப் போகிற ஒருவன் போடுகிற உடுப்பு இது! பயம் வந்தால் எனக்கு அறிவு இப்படித்தான் வேலை செய்யும்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பின்னால் ஒரு வாங்குப் பலகையில் இருந்து கேட்டுவிட்டு, முடிந்ததும் மெல்ல ஒருவரிடம், "ஐயா, நான் குடிக்கிறவன், விட வேணும்" என்று சொல்வது என் திட்டம். அந்த வசனத்தை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

வாசலைத் தாண்டவில்லை. சங்கத்தின் காரியதரிசி, இளைப்பாறிய பள்ளிக்கூடச் சட்டம்பியார் ஒருவர், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாருங்கோ, வாருங்கோ! மலாயாவிலையிருந்து வந்த ஐயாதானே? இண்டைக்குத் தலைமை வகிக்க இருந்தவருக்குக் காய்ச்சல். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டம். கடவுள் கொண்டு வந்து விட்டிருக்கிறார்!"

எங்கள் நாட்டு வழக்கம் வாசகருக்குத் தெரியும். மலாயாவிலிருந்து கோட்டோடு ஒருவன் வந்தால் வாசிகசாலைத் திறப்பு விழாவானாலும் பந்தாட்டப் பரிசளிப்பானாலும் அவன்தான் தலைவர். அவனுக்கு அந்த விஷயம் தெரிய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. 'ஐயா, நான் குடிக்கிறவன்' என்ற வசனம் தொண்டையில் இருக்க, அதற்கு மேலே ஒரு செவ்வந்தி மாலை விழுந்தது.

மேடைக் கதிரையில் இருந்தபடி மெதுவாகச் சட்டம்பியாரிடம் கேட்டேன். "குடிக்கிற ஆக்கள் எங்கை இருக்கினம்?"

"சீச்சீ, அவையளை உள்ளுக்கு எடுக்கிறேல்லை, ஐயா. பிறகு கூட்டத்தின்ரை மரியாதை என்னாகிறது?"

அங்கத்துவப் படிவம் வந்தது. 'இதற்கு முன் மது அருந்தியதுண்டா?' என்று ஒரு கேள்வி. எனக்கு முன் கையெழுத்திட்ட முப்பது நாற்பது பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒருநாளும் குடியாதவர்கள் இனிமேலும் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிற சங்கம் அது. நானும் 'இல்லை' என்று எழுதினேன். வரிசை குழம்பக்கூடாதே.

பேச எழும்பியபோது கை நடுங்கத் தொடங்கியது. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஒன்றும் குடிக்கவில்லை. அதன் நடுக்கம். மேசையை ஒரு கையால் பிடித்தேன், மேசையும் நடுங்கியது. சட்டம்பியார் எழுந்து சபைக்கு விளக்கினார்: "பாருங்கோ, குடியின்ரை கொடுமையை நினைச்சு ஐயாவின்ரை கை நடுங்குது!" சபை கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் யாரோ கண்ணைத் துடைத்தார்கள். நான் அன்று குடியைப் பற்றிப் பேசியது எல்லாம் உண்மை. அவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவருக்குத் தெரிந்தது. கூட்டம் கலைந்தபிறகு, மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்த ஒரு மெல்லிய மனிதர் குடைக்குள் வந்து நின்றார். விரலெல்லாம் மை.

"தலைவர், எத்தனை நாள்?"

"என்ன எத்தனை?"

"உது பேச்சு நடுக்கமில்லைக் காணும். என்ரை கையும் உந்தப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சது."

நான் சுற்றிவரப் பார்த்தேன். பிறகு மிகச் சிறிய குரலில், "ரெண்டு" என்றேன்.

"எனக்கு இண்டு காலமையிலையிருந்து. வாரும், ஸ்டேஷன் வாங்கிலை போய் இருப்பம். இஞ்சை நிண்டால் உமக்கு இன்னொரு மாலை போடுவினம்."

4

அவர் பெயர் முத்துத்தம்பி. எல்லாருக்கும் முத்தர். வழக்கு நடக்கும் சாவகச்சேரிக் கோட்டுக்கு முன்னால் மரநிழலில் ஒரு மேசை போட்டுப் பெட்டிசம் எழுதுகிறவர். முத்தர் எழுதிய பெட்டிசத்தை வாசித்தால் அரசாங்க ஏசண்டர் துரைக்கே தொண்டை அடைக்கும் என்று சொல்வார்கள். தவறணையை மூடும்படி சங்கம் அரசாங்கத்துக்கு அனுப்பும் பெட்டிசங்களையும் அவர்தான் எழுதினார். அதனால்தான் அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் அவரிடம் சத்தியமும் வாங்குவார்கள்.

"பதினொரு தரம் கையெழுத்து வச்சிட்டன்" என்றார் முத்தர். "அவையளின்ரை ஆண்டறிக்கையளிலை பதினொரு குடிகாரர் திருந்தியிருக்கினம். பதினொருத்தரும் நான்தான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஊருக்கு வந்தபிறகு போத்தல் இல்லாமல் நான் சிரித்தது அதுதான் முதல்.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் பின்னேரம் இரண்டு மணிக்கு ஸ்டேஷன் வாங்கில் எங்கள் கூட்டம். இரண்டு பேர். தலைவர் இல்லை, மாலை இல்லை. வந்து இருந்ததும் ஒருவர் மற்றவரிடம், "எத்தனை?" என்று கேட்க வேண்டும். உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும். புத்தி சொல்லக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். பிறகு எதையும் கதைக்கலாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனால் தவறணை.

ரெயில் வரும், போகும், நாங்கள் ஏறுவதில்லை. மூன்றாம் புதன்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "ஐயாமார் எந்த றெயினுக்கு?" என்று கேட்டார்.

"எங்களுக்குப் போக இடம் இருக்கு, தம்பி" என்றார் முத்தர். "போகாமல் இருக்கத்தான் இஞ்சை வந்து இருக்கிறம்."

முத்தருக்கு இருந்த கஷ்டம் எனக்கு இல்லாதது. முப்பது வருஷமாக அவர் காலையில் ஒரு போத்தல் கள்ளுக் குடித்தபிறகுதான் பேனை எடுப்பார். குடித்தால் கை நிற்கும், எழுத்து முத்து முத்தாக வரும். குடியாவிட்டால் பேனை கடுதாசியைக் கீறும். குடியை விட்டதும் கை போய்விட்டது; எழுத வந்தவர்கள் அடுத்த மரத்தடிக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டில் ஒரு மனைவியும் ஒரு கலியாணமாகாத பெண்ணும். எனக்கு இரண்டு கிழமையில் நடுக்கம் போய்விட்டது, அவருக்குப் போகவில்லை.

ஆகவே ஸ்டேஷன் வாங்கு ஒரு கந்தோர் ஆனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் எழுதுவேன். கிழமை முழுக்க வந்த பெட்டிசங்களைப் புதன்கிழமைக்கு ஒதுக்கி வைப்பார். "என்ரை சொல்லும் உம்முடைய கையும் சேர்ந்து ஒரு முழு மனிசன் வாறான்" என்பார். அலுப்பு வந்தால், "தலைவர், உமது கையெழுத்து அழகில்லை. ஆனால் மணக்கேல்லை" என்பார்.

இங்கே சிரம்பானில், கந்தோர் முடிந்து வரும் வழியில் தண்டவாளம் ஒன்றைக் கடந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைக் கடக்கும்போது ஒரு எண்ணைச் சொல்கிறேன். கேட்க ஆள் இல்லாத எண் எவ்வளவு பெரிதானாலும் சின்னதாகத்தான் கேட்கிறது.

5

இதற்கிடையில் தலைவர் வளர்ந்துவிட்டார். சட்டம்பியார் என்னைச் சங்கத்துக்குச் சங்கம் அறிமுகப்படுத்தினார். கைதடி, கொடிகாமம், அச்சுவேலி என்று சனிக்கிழமைகள் நிறைந்தன. நடுக்கம் போனபிறகு பேச்சில் சுவை குறைந்துவிட்டதாக எனக்கே பட்டதால் வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கினேன். எந்தத் தவறணைப் பக்கம் போனாலும், குடிக்கிறவர்கள் "தலைவர் ஐயா!" என்று எழுந்து நிற்கும் நிலை வந்துவிட்டது. வெட்கத்தால் குடியாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பாதி சரி. மற்றப் பாதி புதன்கிழமை.

ஒரு திங்கட்கிழமை சட்டம்பியார் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"நெல்லியடியிலை பெரிய கூட்டம், ஐயா. நீங்கள்தான் தலைமை. அளவெட்டி மேளம் பிடிச்சிருக்கினம். சந்தியிலையிருந்து காரிலை வச்சு ஊர்வலமாய்க் கொண்டு போவினம்."

"எப்ப?"

"புதன்கிழமை பின்னேரம்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அவர் குடையை மடிக்கிற நேரம் யோசித்தேன். "வாறன்" என்றேன்.

முத்தருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் சொல்லியனுப்புவது? சங்கத் தலைவர் பெட்டிசக்கார முத்தருக்கு எதற்குச் சொல்லியனுப்புகிறார் என்று கேட்பார்கள். ஒரு புதன்கிழமைதானே என்றும் நினைத்தேன். நினைத்து முடிக்கும் முன்னே கார் வந்துவிட்டது.

மேளம் நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். என் வாழ்நாளில் எனக்காக வாசிக்கப்பட்ட மேளம் அதற்கு முன் கலியாணத்தில் மட்டும்தான்.

அடுத்த புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். முத்தர் முன்னமே வந்து இருந்தார். பக்கத்தில் இருந்ததும் எனக்குக் கள்ளு மணந்தது. அவர் வழக்கம்போலக் கேட்டார்: "எத்தனை?"

"நாப்பத்தெட்டு" என்றேன். சட்டப்படி நான் திருப்பிக் கேட்க வேண்டும், கேட்கவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றார். "போன புதன் ஒரு மனிசி வந்தவ. புருஷனைப் பொலிசு பிடிச்சு மறியலிலை வச்சிருக்கு. நாலு மணிக்குள்ளை கடுதாசி குடுக்க வேணும். மூண்டு மட்டும் பாத்தன். பிறகு நானே எழுதிப் பாத்தன். நாலு கடுதாசி கிழிஞ்சுது. அந்த மனிசி என்ரை கையைப் பாத்து அழத் தொடங்கிட்டா. ஒரு போத்தல் எண்டு நினைச்சுக்கொண்டு போனன்."

"கடுதாசி?"

"நல்லாய் வந்தது, காணும். அவன் வெளியிலை வந்திட்டான்."

"என்னிலை கோவமோ?" என்றேன்.

"உம்மிலையோ?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு கேட்டார்: "மேளம் எப்பிடி?"

இந்த இடத்தில் ஒரு பகிடி எழுதலாம் என்று மூன்று நாளாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

6

அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமை வந்தார். பிறகு வரவில்லை. நான் கோட்டடிக்குப் போனேன். மேசை இருந்தது, கை நடுங்காமல் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு போத்தலாக இருந்தது இப்போது மூன்று. கண்ணும் முகமும் மஞ்சளித்துவிட்டன. "புதன்கிழமை வாருங்கோ" என்றேன். "வாறன், வாறன்" என்றார். ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

செத்தவீட்டுக்குப் போனேன். முன்னுக்கு வரும்படி வழி விட்டார்கள். தலைவர் அல்லவா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை சங்கத்தார் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். வருகிற கிழமை எனக்குக் கப்பல். மாலைகள் மூக்குவரை வந்தன. சட்டம்பியார் பேசும்போது உதாரணத்துக்கு முத்தரை எடுத்தார். "இந்த மண்டபத்திலை பதினொரு தரம் சத்தியம் பண்ணினவர். பதினொரு தரமும் முறிச்சவர். முடிவு என்ன? எல்லாரும் பாத்தியள்." அவர் கெட்ட மனிதர் அல்ல. தெரிந்ததைச் சொன்னார். சபை தலையை ஆட்டியது. முன்வாங்கில் இரண்டொருவர் சிரித்தார்கள். நடுவில், கதிரையில், நான் இருந்தேன். எழுந்து, 'அவர் முப்பத்தொன்பது நாள் குடியாமல் இருந்தவர். நான் எண்ணினேன். அவர் குடித்தது இன்னொருத்தியின் கடுதாசிக்காக. அந்த நாள் நான் வர வேண்டியவன்' என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷம் ஆகாது. என் கை நடுங்கியது. இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. மாலைகளுக்குக் கீழே ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலோரம் வெள்ளைச் சேலையோடு ஒரு மனுசி நின்றாள். பெண்கள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முத்தரின் மனைவி சின்னாச்சிப்பிள்ளை. எனக்குப் பக்கத்தில் சட்டம்பியார் குடை பிடித்தபடி நின்றார்.

"ஐயா, ஒரு விஷயம் கேக்க வேணும்" என்றாள். "இவர் புதன்கிழமையிலை கூட்டத்துக்குப் போறன் எண்டு வெளிக்கிடுவார். ஸ்டேஷனடியிலை ஒராள் தனக்கு எழுதித் தாறவர் எண்டு சொன்னவர். ஆர் எண்டு கேட்டால் சொல்ல மாட்டார். வெறியிலை ஊரிலை ஒருத்தரையும் விடார், எல்லாற்றை கதையும் சொல்லுவார். அந்தாளின்ரை பேரை மட்டும் கடைசி மட்டும் சொல்லேல்லை." சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தாள். "அது நீங்களோ, ஐயா?"

சட்டம்பியார் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சரி, ஐயா. அந்தாளை எங்கையும் கண்டால் சொல்லுங்கோ. அந்த முப்பத்தொன்பது நாளும் எங்கடை வீடு நல்லாய் இருந்தது எண்டு. மகள் பெட்டையோடை இருந்து சாப்பிட்டவர். அதுக்காக அந்தாளுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறம் எண்டு."

"கண்டால் சொல்லுறன்" என்றேன்.

7

நான் குடியாமல் திரும்பி வந்தேன். வைத்தியர் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தார். பாக்கியம் சோறாக்கி வைத்திருந்தாள். வேலை இருக்கிறது. வந்த காரியம் எல்லாம் நடந்தது.

இதை எழுதி முடித்து பாக்கியத்திடம் வாசிக்கக் கொடுத்தேன். குசினி வாசலில் நின்றபடி முழுவதையும் வாசித்தாள்.

"உதைப் பேப்பரிலை போடப் போறீங்களோ?"

"ஓம்."

"இன்னும் நாலைஞ்சு வருஷத்திலை மணிக்கு ஊரிலை மாப்பிள்ளை பாக்க வேணும். தகப்பன் குடிகாரன் எண்டு தானே எழுதிக் குடுத்தால் ஆர் வருவினம்?"

"அப்ப கிழிக்கட்டோ?"

அவள் தாள்களைத் திருப்பி, கடைசிப் பக்கத்தை மறுபடியும் வாசித்தாள்.

"போடுறதெண்டால் பேரோடை போடுங்கோ" என்றாள். "பேரில்லாமல் போட்டால் அந்த மனிசிக்கு இன்னொருக்கால் இல்லை எண்டு சொன்ன மாதிரித்தான் இருக்கும்."

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் வேலாயுதர் சின்னையா. மீசாலை. தென்மராட்சியிலும் அதற்கு அப்பாலும் ஒன்பது மதுவிலக்குக் கூட்டங்களுக்குத் தலைமை வகித்தவன். குடிகாரன். ஸ்டேஷன் வாங்கில் முத்தருக்கு எழுதிக் கொடுத்தது நான். ஒரு புதன்கிழமை மேளத்துக்குப் போனதும் நான்.

சாவகச்சேரியில் இந்தப் பேப்பர் வாங்குகிற யாராவது ஒருவருக்கு ஒரு வேலை தருகிறேன். கோட்டடியில் கேட்டால் முத்தர் வீடு காட்டுவார்கள். சின்னாச்சிப்பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் போய் வாசித்துக் காட்ட வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போக வேண்டாம். காதோடு மெல்ல வாசிக்கவும் வேண்டாம். பகலில், சனங்கள் சந்தைக்குப் போய்வருகிற நேரத்தில், படலையில் நின்று, பக்கத்து வளவுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள்.